ஈப்பர் போர்க்களத்துச் சரளைப் பாதைகளில் சைக்கிள்: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

பெல்ஜியத்தின் மேற்குக் கோடியில், பிரெஞ்சு எல்லையை ஒட்டி, ஈப்பர் என்ற சிறு நகரைச் சுற்றிப் பரந்திருக்கும் வயல்வெளிக்கு வெஸ்ட்ஹூக் என்று பெயர். முதல் உலகப் போரில் நான்காண்டுகள் பீரங்கிகளால் உழப்பட்ட அந்த மண்ணில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட போர்க் கல்லறைகளும், துறவி மடங்களும், வயல் முனைகளில் மாதா சிலை வைத்த சிற்றாலயங்களும், அவற்றையெல்லாம் இணைக்கும் சரளைப் பாதைகளும் உள்ளன. முதல் முறை நான் நவம்பர் மாதத்தில், நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் என்ற கணக்கோடு சென்று, இரண்டாம் நாளே, கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் கியர் தாங்கி ஒடிந்து, பார்க்க நினைத்ததில் பாதியைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன். அடுத்த முறை மே மாதத்தில், நாளுக்கு 50 முதல் 65 கிலோமீட்டர் மட்டும் என்று வைத்துக்கொண்டு சென்றபோது எல்லாம் சரியாக அமைந்தது. இந்தப் பயணத்தில் கால்களுக்குப் பெரிய வேலையில்லை; ஆவணங்களும், பருவமும், நேரக் கணக்குமே ஆளைக் கவிழ்க்கின்றன. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரை மனத்தில் கொண்டே கீழே எழுதுகிறேன். விசா தேவைப்படாத நாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் இரண்டாம் பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

1. முதலில் மாதத்தை முடிவுசெய்யுங்கள்

மே, ஜூன் மாதங்களும், ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரையிலான காலமும் ஏற்றவை. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். நவம்பர் நடுவில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை உருளைக்கிழங்கும் சர்க்கரைப் பீட்டும் அறுவடையாகும் காலம் என்பதை எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. டிராக்டர்களின் சக்கரங்களிலிருந்து உதிரும் களிமண், குறுகலான கான்கிரீட் வயற்சாலைகளில் விரல் கனத்துக்குப் படிந்துவிடும். மழை பெய்தால் அது சோப்புப் போல வழுக்கும். காய்ந்தால் செங்கல்லாக இறுகும். சரளையிலும் அதே களிமண்தான்: டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிடுகிறது. என் கியர் தாங்கி ஒடிந்ததும் அப்படித்தான். செயினில் சிக்கிய வைக்கோலும் மண்ணும் சேர்ந்து கியர் மாற்றியை ஆரக்கால்களுக்குள் இழுத்துவிட்டன.

இரண்டு தேதிகளைக் கவனத்தில் வையுங்கள். ஏப்ரல் 25 ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களின் நினைவு நாள். நவம்பர் 11 போர்நிறுத்த நாள். இந்த இரண்டு நாள்களையும் ஒட்டி ஈப்பரில் அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். அந்த நிகழ்வுகளுக்காகவே செல்பவராக இருந்தால் அது வேறு. சைக்கிள்தான் நோக்கம் என்றால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

2. விசா: பயணத் திட்டத்தை நாள் வாரியாக எழுதுங்கள்

குறுகிய காலத் தங்கலுக்கான, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள்களுக்கு முன். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள்கள் எடுத்துக்கொள்வார்கள். கூடுதல் விசாரணை வந்தால் அது 45 நாள்கள் வரை நீளலாம். மே மாதப் பயணம் என்றால் ஜனவரியிலேயே நேரம் முன்பதிவு செய்யுங்கள், ஏனென்றால் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதற்கே சில வாரங்கள் ஆகிவிடும். பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இவை திரும்பி வராது.

வேண்டிய ஆவணங்கள்: கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டு, ஐரோப்பாவிலிருந்து புறப்படும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதங்கள் செல்லத்தக்கதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களுடன் உள்ள கடவுச்சீட்டு, புகைப்படங்கள், போக வர விமான முன்பதிவு, ஒவ்வோர் இரவுக்குமான தங்குமிடச் சான்று, மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலையில் இருப்பவர்களுக்கு விடுப்புக் கடிதமும் சம்பளச் சீட்டும். பணத் தகுதிக்கு பெல்ஜியம் அளவாக வைத்திருப்பது, விடுதியில் தங்குபவருக்கு நாளொன்றுக்கு 95 யூரோ, தனியார் வீட்டில் தங்குபவருக்கு 45 யூரோ. எட்டு நாள் விடுதித் தங்கல் என்றால் 760 யூரோ கணக்கில் இருக்க வேண்டும். அதற்கு மேல் தாராளமாக இருப்பது நல்லது. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று ஒரு பெருந்தொகையைக் கணக்கில் போட்டுக் காட்டினால் அதுவே சந்தேகத்துக்கு இடமாகும்.

சைக்கிள் பயணிகள் சறுக்கும் இடம் இதுதான்: "மிதிவண்டியில் சுற்றுவேன், இருட்டும் இடத்தில் தங்குவேன்" என்று எழுதிக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். என் முதல் விண்ணப்பத்தில் இரண்டு இரவுகளுக்கு ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது, முகவரி இல்லை. மேசையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், மறுபடி நேரம் வாங்க மூன்று வாரம் ஆயிற்று. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் எல்லா இரவுகளுக்கும் முன்பதிவு செய்து, தேதி, புறப்படும் ஊர், சேரும் ஊர், தங்குமிடம் என்று ஒரே பக்கத்தில் அட்டவணை போட்டு இணையுங்கள். பாதை பிரான்சுக்குள் நுழைந்து திரும்பினாலும், அதிக இரவுகள் எந்த நாட்டிலோ அந்த நாட்டின் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஈப்பரிலேயே தங்கினால் அது பெல்ஜியம்தான், குழப்பமில்லை.

3. காப்பீட்டின் விலக்குப் பட்டியலைப் படியுங்கள்

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, நோயாளியைச் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் உள்ளடக்கி, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லும்படி இருக்க வேண்டும். மலிவான எந்தத் திட்டமும் இதை நிறைவேற்றிவிடும். ஆனால் பல திட்டங்கள் "சாகச விளையாட்டு" என்ற தலைப்பின் கீழ் சாலைக்கு வெளியே சைக்கிள் ஓட்டுவதை விலக்கி வைத்திருக்கின்றன. சரளைப் பாதை அதில் சேருமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "பிரச்சினை இல்லை சார்" என்று சொல்வதற்கு எந்த மதிப்பும் கிடையாது.

4. சைக்கிளைக் கொண்டுசெல்வதா, வாடகைக்கு எடுப்பதா

ஐந்து நாள்களுக்குக் குறைவான பயணம் என்றால் வாடகையே லாபம் என்பது என் கருத்து. ஈப்பர், போப்பரிங்கே பகுதிகளில் வாடகைக்கு விடுகிறார்கள்; ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கடையில் அதிகம் இருப்பவை நிமிர்ந்து உட்காரும் சுற்றுலா வண்டிகளும் மின் சைக்கிள்களும்தான். சரளைப் பாதைக்கான கிராவல் சைக்கிள் வேண்டும், டயர் குறைந்தது 40 மில்லிமீட்டர் அகலம் வேண்டும், உங்கள் உயரம் இவ்வளவு என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும். பெடலை மட்டும் கையோடு கொண்டுபோனால் போதும்.

சொந்த வண்டியை எடுத்துச் செல்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். விமானச் சீட்டு வாங்கியதுமே சைக்கிளை விளையாட்டுப் பொருளாகப் பதிவு செய்யுங்கள். விமான நிலையத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் கட்டணம் கூடும், இடமில்லை என்றும் சொல்லலாம். இடது பெடலின் மரை தலைகீழானது என்பதை மறந்து, தவறான பக்கம் முறுக்கி முறுக்கிக் கிராங்கைக் கெடுத்தவர்கள் ஏராளம். காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை எடுத்துச் செல்லாதீர்கள். விதி ஓரளவு இடம் கொடுத்தாலும் சோதனையில் வாதாடி வெல்ல முடியாது, கைப் பம்பு போதும். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே இருக்கலாம். கியர் தாங்கி ஒன்று உதிரியாக அவசியம். உங்கள் வண்டியின் மாதிரிக்கு உரிய தாங்கி வெளியூர்க் கடையில் கிடைக்காது என்று அடித்துச் சொல்வேன்.

இன்னொன்றைப் பலரும் அறியாமல் இருக்கிறார்கள். விலையுயர்ந்த வண்டியை இந்தியாவிலிருந்து எடுத்துச் சென்று திரும்பும்போது, அது வெளிநாட்டில் வாங்கியதல்ல என்று நீங்கள்தான் நிறுவ வேண்டும். புறப்படும் நாளில், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன், சுங்க அலுவலரிடம் வண்டியையும் வாங்கிய ரசீதையும் காட்டி ஏற்றுமதிச் சான்று பெறுங்கள். சட்ட எண் பொதுவாகப் பெடல் அச்சுக்கு அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். பெட்டியில் அந்தப் பகுதியை எளிதில் திறந்து காட்டும்படி கட்டி வையுங்கள். இதற்காக ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்க வேண்டும். பெட்டி உள்ளே போய்விட்ட பிறகு சான்று கிடைக்காது.

5. பிரஸ்ஸல்ஸிலிருந்து ஈப்பர்

பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. கென்ட் அல்லது கோர்ட்ரெய்க் நிலையத்தில் வண்டி மாறி ஈப்பர் செல்ல வேண்டும். பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து சுமார் 2 மணி நேரம். ஈப்பருக்கு அடுத்த பெரிய ஊரான போப்பரிங்கேயில் அந்தத் தடம் முடிந்துவிடுகிறது. சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வேண்டும். நான் சென்றபோது ஒரு வழிக்கு 4 யூரோ. உள்நாட்டு ரயிலில் சைக்கிளுக்கு இட முன்பதிவு கிடையாது. எந்தப் பெட்டியில் ஏற்றுவது என்று நடைமேடையில் நிற்கும் ரயில் அலுவலரைக் கேட்டால் காட்டுவார், ஆனால் வேலைநாள் காலையிலும் மாலையிலும் கூட்டத்தில் இடம் இல்லாமல் போகலாம். காலை பத்து மணிக்குப் பிறகு புறப்படுங்கள். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் வர நினைப்பவர்கள், அவற்றில் முழு சைக்கிளை அப்படியே உருட்டிக்கொண்டு ஏற முடியாது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

ஊர்ப் பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. பெல்ஜியத்தில் மொழி எல்லை தாண்டியதும் பெயர்ப் பலகையும் மாறிவிடும். ஈப்பர் என்பதே பிரெஞ்சில் ஈப்ர். மேஸன் என்பது மெஸீன், கோமன் என்பது கொமீன். பிரான்சில் உள்ள லில் நகரை ஃபிளமிஷ் பலகைகள் ரெய்ஸல் என்று காட்டும். நான் லில் செல்லும் சாலையைத் தேடி, ரெய்ஸல் என்ற பலகையை மூன்று முறை கடந்து போயிருக்கிறேன்.

6. எங்கே தங்குவது

ஒரே இடத்தில் தங்கி, தினமும் ஒரு வட்டமாக ஓட்டித் திரும்புவதே வசதி. மூட்டை சுமக்க வேண்டாம், விசா அட்டவணையும் எளிதாகிறது. ஈப்பரில் தங்கினால், மெனின் நினைவு வாயிலில் தினமும் மாலை நடக்கும் ஊதுகுழல் அஞ்சலிக்கு நடந்தே போகலாம். அமைதி வேண்டுபவர்களுக்குப் போப்பரிங்கே. அங்கே டால்பட் ஹவுஸ் என்ற வீடு உண்டு. 1915 டிசம்பரில் ராணுவப் பாதிரியார் கிளேட்டன், பதவி வேறுபாடு பாராமல் எல்லா வீரர்களும் இளைப்பாறத் திறந்து வைத்த இல்லம் அது. இன்றும் விருந்தினர் தங்கலாம். மாடிக்கு மேல் பரணில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. செங்குத்தான மரப்படியேறி அங்கே போய் நிற்பதற்காகவே ஓர் இரவு தங்கத் தகும். அறைகள் குறைவு, மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். எங்கே தங்கினாலும், சைக்கிளைப் பூட்டிவைக்க மூடிய கொட்டகையும், கழுவத் தண்ணீர்க் குழாயும் உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

7. பாதையைத் தீட்டுவது

ஃபிளாண்டர்ஸ் முழுவதும் எண் முனை வலையமைப்பு ஒன்று உண்டு. சந்திப்புகளுக்கெல்லாம் எண் இருக்கும். போக வேண்டிய எண்களை வரிசையாகத் தாளில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிவிட்டால் வரைபடமே தேவையில்லை. ஆனால் அது குடும்பங்களுக்காக அமைத்தது. பெரும்பாலும் கான்கிரீட்டிலும் தாரிலுமே அழைத்துச் செல்லும். சரளை வேண்டுபவர்கள் அதை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, கால்வாய்க் கரைகளையும் பழைய ரயில் தடங்களையும் காட்டுப் பாதைகளையும் செயலியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தூய சரளை எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த நாடு ஏமாற்றமே தரும். ஒரு நாள் பாதையில் மூன்றில் ஒரு பங்கு சரளை கிடைத்தாலே அதிகம்.

பலகைகளில் மூன்றை நினைவில் வையுங்கள். "உயிட்கெஸோண்டெர்ட் ஃபீட்ஸெர்ஸ்" என்றால் சைக்கிள்களுக்கு விலக்கு உண்டு. நுழையாதே என்ற சின்னத்துக்குக் கீழே இது இருந்தால் தாராளமாகப் போகலாம். "பிளாட்ஸெலைக் வெர்கேர்" என்றால் உள்ளூர்ப் போக்குவரத்து மட்டும். அங்கும் சைக்கிளுக்கு அனுமதி உண்டு. "பிரிவாட்" அல்லது "எய்கன் வெக்" என்றால் தனியார் வழி, திரும்பிவிடுங்கள். முதல் இரண்டையும் கண்டு பயந்து நான் ஒரே நாளில் பதினைந்து கிலோமீட்டர் வீணாகச் சுற்றினேன்.

8. மூன்று வட்டங்கள், விரும்பினால் நான்காவது

முதல் நாள், கிழக்கு. ஈப்பரிலிருந்து ஸில்லெபேக்க ஏரிக்கரை, ஹில் 60, பாலிகன் காடு, ஸோன்னெபேக்க, டைன் காட், லாங்கெமார்க், பிறகு கால்வாய்க் கரை வழியே ஈப்பர். 50 கிலோமீட்டரை ஒட்டி வரும். டைன் காட் உலகிலேயே மிகப் பெரிய காமன்வெல்த் போர்க் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 12,000 கல்லறைகள். அவற்றில் 8,000-க்கும் மேற்பட்டவற்றில் பெயர் இல்லை. சுற்றுலாப் பேருந்துகள் முற்பகலில் குவியும். மாலை நான்கு மணிக்கு மேல் போனால் காற்றின் ஓசை மட்டும் இருக்கும். அப்படிப் போக வேண்டுமானால் வட்டத்தைத் தலைகீழாக ஓட்டுங்கள். லாங்கெமார்க்கில் 44,000-க்கும் மேற்பட்ட ஜெர்மானியர் கிடக்கிறார்கள். டைன் காட்டின் வெள்ளைக் கல் வரிசைகளுக்குப் பிறகு, ஓக் மரங்களின் நிழலில் தரையோடு கிடக்கும் அந்தக் கருங்கற்களைப் பார்ப்பது வேறோர் அனுபவம். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதுதான் முறை.

இரண்டாம் நாள், தெற்கு. சரளை அதிகமுள்ள நாள் இதுதான். ஈப்பர்–கோமன் பழைய கால்வாயின் கரை, ஹோல்லெபேக்க, மேஸன், ப்ளூக்ஸ்டேர்ட், ஸ்பான்ப்ரூக்மோலன், கெம்மெல்பெர்க். 60 முதல் 65 கிலோமீட்டர். ப்ளூக்ஸ்டேர்ட் என்று சொல்ல வராத பிரிட்டிஷ் வீரர்கள் அதை "பிளக்ஸ்ட்ரீட்" ஆக்கினார்கள். 2017 முதல் கென்ட்–வெவெல்கெம் சைக்கிள் பந்தயத்தில் சேர்க்கப்பட்ட மூன்று சரளைத் துண்டுகளுக்கும் அதே பெயர்தான். கற்கள் கூரானவை, டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து, கையைத் தளர்த்திப் பிடியுங்கள். ஸ்பான்ப்ரூக்மோலனில் 1917 ஜூன் 7 அதிகாலையில் வெடித்த நிலத்தடிக் கண்ணிவெடியின் பள்ளம் இன்று வட்டக் குளம். அல்லி இலைகள் மிதக்கின்றன. அதையடுத்து வரும் கெம்மெல்பெர்க் 150 மீட்டர் உயரம்தான், ஆனால் செங்குத்தான பக்கம் 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறும் கற்பாவிய சாலை. ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான் ஆபத்து. மேற்குச் சரிவில் 5,000-க்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்களின் எலும்புகளை ஒன்றாக அடக்கிய கல்லறை உண்டு. பலர் அதைக் கவனிக்காமலேயே வேகமாக இறங்கிவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள், மேற்கு. போப்பரிங்கேயின் ஹாப்ஸ் கொடித் தோட்டங்கள் வழியே லெய்ஸென்ட்ஹூக் கல்லறை, பிறகு எல்லை தாண்டிக் காட்ஸ்பெர்க் குன்று, திரும்பும் வழியில் வெஸ்ட்ஃப்ளேடெரன். ஈப்பரிலிருந்து புறப்பட்டால் 70 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். போப்பரிங்கே வரை ரயிலில் போய்த் தொடங்கினால் இதமாக இருக்கும். காட்ஸ்பெர்க் உச்சியில் 1826-ல் நிறுவப்பட்ட, டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவியரின் மடம். வெஸ்ட்ஃப்ளேடெரனில் 1831-ல் தொடங்கிய புனித சிக்ஸ்டஸ் மடம். இந்த இரண்டாவதின் உள்ளே பார்வையாளர் செல்ல முடியாது. எதிரே உள்ள உணவகத்தில் உட்கார்ந்து மதில்சுவரைப் பார்க்கலாம், அவ்வளவுதான். துறவிகள் வடிக்கும் பீர் அங்கே புகழ்பெற்றது. குடிப்பவர்கள், வண்டி ஓட்டுவோருக்கான ரத்த ஆல்கஹால் வரம்பான லிட்டருக்கு 0.5 கிராம் சைக்கிளுக்கும் பொருந்தும் என்பதையும், அந்தப் பீர் பார்ப்பதைவிடக் கடுமையானது என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்காவது நாளுக்குத் தெம்பும் நேரமும் இருந்தால், பிரான்சில் உள்ள நெவ் ஷப்பெல் இந்திய நினைவிடத்துக்குச் செல்லுங்கள். ஈப்பரிலிருந்து ஒரு வழி 40 கிலோமீட்டர் அளவில் வரும். சரளை குறைவு, போக்குவரத்து அதிகம், தட்டை நிலம். 1927 அக்டோபர் 7 அன்று திறக்கப்பட்ட அந்த வட்ட வளாகத்தின் சுவரில் கல்லறை இல்லாத 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் உள்ளன. நடுவில் உயரும் தூணின் உச்சியில் ஒரு தாமரை, அடியில் இரண்டு கற்புலிகள். சாலையின் இரைச்சலுக்கு நடுவே, பெயர்களைப் படையணி வாரியாகப் படித்துக்கொண்டே போனால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. எல்லையில் வழக்கமாகச் சோதனை இல்லை என்றாலும், பிரான்ஸ் இடையிடையே சோதனை நடத்துவதுண்டு. கடவுச்சீட்டின் அசலை நீர் புகாத உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், நகல் போதாது.

இந்தத் தூரங்களைப் பார்த்து, இவ்வளவுதானா என்று இரண்டு வட்டங்களை ஒரே நாளில் அடைக்கத் தோன்றும். வேண்டாம். வண்டியை விட்டு இறங்கி நிற்கும் நேரம் ஓட்டும் நேரத்துக்கு இணையாக வரும். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும் காற்றைத் தடுக்க இந்தச் சமவெளியில் ஒன்றுமில்லை. திரும்பும் பாதி காற்றோடு இருக்கும்படி வட்டத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

9. சாலை விதிகளும் தண்ணீரும்

வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பழகாதது, வலப்புறமிருந்து வருபவருக்கு முன்னுரிமை என்ற விதி. சிறிய வயற்சாலையிலிருந்து வரும் டிராக்டர்கூட, பலகை எதுவும் இல்லாவிட்டால், நிற்காமல் உங்கள் முன் நுழையும்; அது அவர் உரிமை. மணி கட்டாயம், இருட்டில் முன்னே வெள்ளை அல்லது மஞ்சள், பின்னே சிவப்பு விளக்குக் கட்டாயம். நீல வட்டத்தில் சைக்கிள் சின்னம் இருந்தால் அந்தப் பாதையில்தான் ஓட்ட வேண்டும். ஓட்டிக்கொண்டே கைபேசியைக் கையில் எடுப்பது குற்றம். பெரியவர்களுக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை. உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு அது கட்டாயமாக இருக்கலாம்.

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், திங்களன்று கிராம உணவகங்கள் பல மூடியிருக்கும். கல்லறைகளில் குடிநீர் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டு குப்பி நிரப்பிக்கொண்டே கிளம்புங்கள். காடுகளில் புல்லை உரசிச் சென்ற நாள்களில், இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அவை லைம் நோயைப் பரப்பக்கூடியவை.

10. குண்டுகளைத் தொடாதீர்கள்

நூறு ஆண்டுகள் கடந்தும் ஒவ்வோர் உழவிலும் வெடிக்காத குண்டுகள் மேலே வருகின்றன. விவசாயிகள் அவற்றை வயல் ஓரத்தில் எடுத்து வைக்கிறார்கள்; ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவு வந்து எடுத்துச் செல்கிறது. பாஸன்டேல் அருகே நான் வண்டியைச் சாய்த்து வைக்கப் போன ஒரு மின்கம்பத்தின் அடியில், முழங்கை நீளத்தில் மூன்று இருந்தன. துருவும் களிமண்ணும் ஒரே நிறமாக இருந்ததால், கைப்பிடி அவற்றில் இடிக்க ஒரு சாண் இருக்கும்போதுதான் கண்ணில் பட்டது. சில குண்டுகளில் நச்சு வாயு இன்னும் உள்ளே இருக்கிறது. தொடக் கூடாது, உதைக்கக் கூடாது, அருகில் நின்று படம் எடுக்கக் கூடாது. சாலையோரத்தில் கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு 101 என்ற காவல்துறை எண்ணுக்குச் சொல்லுங்கள். உயிராபத்து நேர்ந்தால் 112. மண்ணைத் தோண்டுவதும், அனுமதி இல்லாமல் உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதும் சட்டத்துக்குப் புறம்பானவை. காட்டில் குறுக்கு வழி வேண்டாம் என்பதற்கும் இதுவே போதிய காரணம்.

11. கல்லறைகளிலும் ஆலயங்களிலும் நடந்துகொள்ளும் முறை

சைக்கிளை வாசலுக்கு வெளியே வேலியில் சாய்க்காமல் நிறுத்துங்கள். உள்ளே உருட்டிக்கொண்டும் போகக் கூடாது. இரும்புப் பூண் வைத்த காலணியோடு கல்வெட்டுகள் மேல் நடக்காதீர்கள். காமன்வெல்த் கல்லறைகளில் பெரும்பாலும் வாசல் சுவரில் சிறு பித்தளைக் கதவு இருக்கும். உள்ளே பெயர்ப் பதிவேடும் வருகையாளர் ஏடும் உண்டு. இந்திய வீரர் பெயர் இருக்கிறதா என்று அதில் பார்த்துவிட்டுத் தேடினால் நேரம் மிச்சம். இந்து வீரரின் கல்லில் சிலுவை இருக்காது. தேவநாகரியில் "ஓம் பகவதே நம" என்று பொறித்திருக்கும். நுழைவு எங்கும் இலவசம்.

மாலை எட்டு மணிக்கு ஈப்பரின் மெனின் வாயிலில் ஊதுகுழல் அஞ்சலி. இரண்டாம் உலகப் போர்க்கால ஆக்கிரமிப்பின்போது தவிர, 1928 முதல் அன்றாடம் நடக்கிறது. கட்டணமோ சீட்டோ இல்லை, ஆனால் ஏழரைக்கு முன் போனால்தான் முன்வரிசை. சாலையை மூடிவிடுவார்கள், சைக்கிளை விடுதியிலேயே விட்டுவாருங்கள். கை தட்டுவது வழக்கமில்லை. வாயிலின் தென்புற மண்கரை மேலேறினால் இந்திய வீரர்களுக்கான தனி நினைவுச் சின்னம் உள்ளது. கூட்டம் கலைந்த பிறகு அங்கே போவது எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தில் தேவாலயங்களைச் சுற்றிப் பார்க்க நுழையாதீர்கள். வழிபடப் போனால் பின்வரிசையில் உட்காரலாம், சைக்கிள் உடையை யாரும் குறை சொல்வதில்லை, சேறு சொட்டாமல் இருந்தால் போதும்.

12. செலவும் திரும்பும் நாளும்

விமானச் சீட்டை விட்டுவிட்டு, ஐந்து இரவுகளுக்கு நான் போட்ட கணக்கு இது: விசாவும் காப்பீடும் சேர்த்துச் சுமார் 130 யூரோ, அறை இரவுக்கு 85, சைக்கிள் வாடகை நாளுக்கு 45, ரயில் போக வர 60-க்குள், உணவு நாளுக்கு 35. காலை உணவோடு அறை எடுத்து, மதியத்துக்கு ரொட்டி கட்டிக்கொண்டால் இதற்குள் அடங்கும். சமையலறை உள்ள வீட்டில் இருவராகத் தங்கினால் அறைச் செலவு ஏறக்குறையப் பாதியாகும்.

திரும்பும் நாளுக்கு முந்தைய மாலையை வண்டி கழுவுவதற்கென்றே ஒதுக்குங்கள். சொந்த வண்டி என்றால் டயர் பள்ளங்களில் ஒட்டிய மண் முழுவதும் போக வேண்டும். வெளிநாட்டு மண்ணை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை உண்டு. வாடகை வண்டியைச் சேற்றோடு கொடுத்தால் முன்பணத்தில் கழிப்பார்கள். கால்வாய்க் கரையில் போட்டிருக்கும் டோலமைட் பொடி, ஈரத்தில் வெள்ளைப் பசையாகச் செயினில் ஒட்டிக் காய்ந்தால் உளியால் பெயர்ப்பது போல் ஆகிவிடும். அன்றன்றே கழுவி எண்ணெய் விடுங்கள். சக்கர மறைப்பின் உட்புறத்தையும் பாருங்கள். என் வண்டியில் அங்கிருந்து விழுந்த மண்கட்டிக்குள் கோலிக்குண்டை ஒத்த, ஆனால் அதைவிடக் கனமான ஓர் ஈய உருண்டை இருந்தது. பீரங்கிக் குண்டுக்குள் நிரப்பி வெடிக்க வைக்கும் வகை. அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது. விடுதிக்கார அம்மாவிடம் நீட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல், அடுக்களை ஜன்னலில் இருந்த கண்ணாடி ஜாடியைத் திறந்து, ஏற்கெனவே பாதிக்கு மேல் நிரம்பியிருந்த உருண்டைகளோடு அதையும் போட்டு மூடினார்.